காலாவதி ஆகாத இருபத்தேழு நாட்கள்

சிதம்பரத்திலிருந்து சீர்காழி போகும் சாலையில் இருக்கிற வெள்ளையம்மாள் மகாலுக்குச் சித்திரையில் ஆறு முகூர்த்த நாட்கள் வந்தன, போயின. ஆறு நாளும் மண்டபம் பூட்டியே கிடந்தது. ஆனால் அலுவலக அறையின் கணினித் திரையில் ஆறு நாளும் சிவப்பாக இருந்தன. சிவப்பு என்றால் அந்த நாளை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வைகாசியும் சிவப்பாக இருந்தது. ஆனியும் ஆவணியும் பெரும்பாலும் சிவப்பு. ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் அது மட்டும் பச்சையாக இருந்தது.

மண்டபத்து மேலாளர் கொளஞ்சியப்பன் ஐந்தாவது தடவையாகக் கடலூருக்குப் போன் போட்டார்.

"வணக்கம்மா. மண்டபம் ஹவுஸ்ஃபுல்லா இருக்குது. ஆனா ஒருத்தரும் வர மாட்றாங்க."

போனை எடுத்தவள் எழிலரசி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இயங்கும் 'நாள்பிடி' என்ற கம்பெனியில் நாலு வருடமாக நிரல் எழுதுகிறாள். மொத்தம் ஐந்து பேர் வேலை பார்க்கும் கம்பெனி. மாவட்டத்தில் பத்தொன்பது கல்யாண மண்டபங்கள் அவர்களுடைய செயலியில் இருந்தன. கல்யாண வீட்டார் செயலியில் ஒரு நாளைத் தொட்டால் அது நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு அவர்கள் பெயரில் நிற்கும். அதற்குள் முன்பணம் கட்டினால் நாள் உறுதியாகும். கட்டாவிட்டால் தானாக விடுபட்டுப் பச்சையாகிவிடும். எழிலரசிக்கு வயது இருபத்தொன்பது. ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் நாள் பிடித்துத் தருகிறவள் தனக்கு ஒரு நாள் பிடிக்கவில்லை என்று அவள் அம்மா வாரம் ஒருமுறை சொல்வாள். எழிலரசி அதை மென்பொருள் சம்பந்தப்பட்ட புகாராக எடுத்துக்கொள்வதில்லை.

"சார், இதுக்கு முன்னாடி போன் பண்ணீங்களா?"

"நாலு வாட்டி பண்ணேன். நாலு வாட்டியும் ஒரு பொண்ணு, கணினியில சேந்துகெடக்குற பழசெல்லாம் அழிங்க, கேஷ் க்ளியர் பண்ணுங்கன்னு சொல்லிச்சி. பண்ணேன். அஞ்சாவது வாட்டி பண்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னுதான்."

போன் எடுக்கும் பெண் அன்றைக்கு லீவு. எழிலரசி பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுத் தரவுத்தளத்தைத் திறந்தாள்.

அங்கே ஒவ்வொரு பிடிப்பும் ஒரு சாவி. சாவியின் பெயரில் மண்டபமும் தேதியும் இருக்கும். அதற்குள் பிடித்தவரின் பெயரும் போன் நம்பரும் இருக்கும். சாவியை வைக்கும்போதே அதன் ஆயுளையும் சொல்லிவிடுவார்கள். நாற்பத்தெட்டு மணி நேரம் என்றால் 1,72,800 விநாடி. ஆயுள் முடிந்த சாவி தானாக மறைந்துவிடும். மிச்சம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் டிடிஎல் என்று தட்டிச் சாவியின் பெயரைக் கொடுத்தால் போதும், விநாடிக் கணக்கில் பதில் வரும். அப்படி ஒரு சாவியே இல்லை என்றால் -2 என்று வரும். சாவி இருக்கிறது, ஆனால் அதற்கு முடிவு என்று எதுவும் குறிக்கவில்லை என்றால் -1.

வைகாசி முதல் முகூர்த்தத்தின் சாவியைக் கேட்டாள். -1.

அடுத்ததைக் கேட்டாள். -1.

வெள்ளையம்மாள் மகாலின் பெயரில் மொத்தம் இருபத்தேழு சாவிகள் இருந்தன. அவற்றில் ஆறு, கடந்துபோன சித்திரை நாட்கள். இருபத்தேழும் -1. மற்ற பதினெட்டு மண்டபங்களையும் கேட்டுப் பார்த்தாள். வடலூர் மண்டபத்துச் சாவிக்கு இன்னும் பத்து மணி நேரம் இருந்தது. சேத்தியாத்தோப்பு மண்டபத்துச் சாவி அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலாவதியாகி -2 ஆனது. எல்லாம் பிறந்து, நாற்பத்தெட்டு மணி நேரம் இருந்து, ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. சிதம்பரத்தில் மட்டும் எதற்கும் முடிவு வரவில்லை.

கம்பெனியின் முதலாளி ஸ்ரீதர் பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"அழிச்சிடு எழில். அழிச்சா பச்ச ஆயிடப்போவுது."

"ஏன் ஆச்சுன்னு தெரியாம அழிச்சா நாளைக்கும் ஆவும் சார்."

"நாளைக்கு ஆனா நாளைக்கு அழிச்சிக்கலாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு மேலும் சொன்னான். "அந்த மண்டபத்து ஓனர் சாமிக்கண்ணு காலையில கூப்ட்டாரு. மேனேஜருதான் பொய்ப் பேர்ல நாள அடச்சி வச்சிகிட்டு, வர்ற பார்ட்டிய புவனகிரியில அவரு சகலபாடி மண்டபத்துக்கு அனுப்புறாருன்னு சொல்றாரு. மாசக் கடைசியோட நின்னுக்கன்னு எழுதிக் குடுத்துட்டாராம். நம்ம ரெகார்டு அப்படித்தான் காட்டுதான்னு கேக்குறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாத்து சொல்றேன்னேன்."

எழிலரசி திரையைப் பார்த்தாள். பொய்ப் பெயர் வைப்பவர் ஐந்து தடவை போன் போட்டு ஏன் புகார் சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு விளங்கவில்லை. சோதனைக்காக அந்த மண்டபத்தில் ஆடி பத்தாம் தேதியைத் தன் பெயரில் பிடித்தாள். டிடிஎல் கேட்டாள். 1,72,795. மறுபடி கேட்டாள். 1,72,788. ஒழுங்காகக் குறைந்தது. கடலூரிலிருந்து பார்க்கும்வரை எந்தத் தப்பும் இல்லை.

"நான் சிதம்பரம் போயிட்டு வரேன் சார்."

"எதுக்கு? இங்கேருந்தே எல்லாம் தெரியுதே."

"அவரு என்ன பண்றாருன்னு தெரியலையே."

பேருந்தில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மடிக்கணினியை மடியில் வைத்து, செல்போன் இணையத்தில் இணைத்து, சாவியைக் கேட்டுக்கொண்டே போனாள். பக்கத்தில் கீரைக் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள், கறுப்புத் திரையில் எண்கள் குறைவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஏதும் வெடிக்கப்போகிறதா என்று கேட்டாள். இல்லை என்றாள் எழிலரசி. ஆலப்பாக்கத்தில் 1,69,480. புதுச்சத்திரத்தில் 1,68,902. பி.முட்லூர் நிறுத்தத்தில் பேருந்து நின்றபோது கேட்டாள்.

-1.

மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அதே பதில். நேரத்தைக் குறித்துக்கொண்டாள். பதினொன்று இருபத்தொன்று.

வெள்ளையம்மாள் மகாலின் அலுவலக அறை மிகச் சுத்தமாக இருந்தது. துடைப்பதைத் தவிர அங்கே ஒரு மாதமாக வேறு வேலை இல்லை. கொளஞ்சியப்பனுக்கு அறுபத்தோரு வயது. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்து, மாற்றுச் சான்றிதழ்களில் பெயர் எழுதி ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இன்றைக்கும் இரண்டு பேனாக்கள் இருந்தன.

"வாங்கம்மா. நீங்க வர்றேன்னு சொன்னதும் கணினியப் பாத்துகிட்டே இருக்கேன். இன்னிக்கி புதுசா ஒருத்தவுங்க ஆடி மாசத்துல நாளு பிடிச்சிருக்காங்க. ஆடியில யாரு கல்யாணம் பண்ணுவா?"

"நான்தான் சார். சோதனைக்கு."

"ஓ." அவர் சங்கடப்பட்டார். "நல்லாருங்கம்மா."

"பதினொன்னு இருவது வாக்குல அதுல ஏதாவது பண்ணீங்களா சார்?"

"ஒண்ணும் பண்ணல. பேர மட்டும் சரி பண்ணேன்."

"சரின்னா?"

"இங்கிலீஷ்ல எலிலராசின்னு வர்ற மாதிரி அடிச்சிருந்துச்சி. எலின்னா நல்லாவா இருக்கு? தமிழ்ல செல்வி எழிலரசின்னு மாத்திட்டேன். எல்லாருக்கும் செய்யிறதுதான். சனங்க அவசரத்துல கண்டபடி அடிச்சிடுறாங்க. பேரு ஒரு தடவ தப்பாப் பதிவாச்சுன்னா ஆயுசுக்கும் தப்பா போயிடும்மா. நான் பாத்திருக்கேன்."

எங்கே மாற்றினார் என்று காட்டச் சொன்னாள். பெயருக்குப் பக்கத்தில் 'திருத்து' என்று ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. எழிலரசிக்கு அந்தப் பொத்தானைத் தெரியும். மாசி மாதம் ஒரு மண்டபக்காரர் கேட்டார் என்று ஒரு மதியத்தில் செய்து சேர்த்தது. கேட்ட மண்டபக்காரர் அதை ஒரு தடவைகூடத் தொடவில்லை. மற்ற மண்டபங்களிலும் யாரும் தொடவில்லை. பத்தொன்பது மண்டபங்களில் பெயர்கள் சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர் ஒரே ஒருவர்தான்.

நிரலைத் திறந்தாள். ஒன்பதே வரி. பழைய பெயரின் மேல் புதிய பெயரை அப்படியே எழுதியிருந்தது. ஒரு சாவியின் மேல் புதிதாக எழுதினால் அதற்கு முன்பு குறித்த ஆயுள் போய்விடும். ஆயுளை அப்படியே வைத்துக்கொள் என்று தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரே ஒரு சொல்தான். அந்தச் சொல் அங்கே இல்லை. கோப்பின் தலைப்பில் எழுதியவர் பெயர் இருந்தது. அதில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

தண்ணீர் கேட்டாள். கொளஞ்சியப்பன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"என்னாலதான் ஆச்சாம்மா?"

"உங்க கையால ஆச்சி சார். என்னால ஆச்சி."

அவர் அதை யோசித்தார். "ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் மொதலாளிக்குப் புரியணும். மூணு மணிக்கு வர்றாரு."

எழிலரசி வெளியே வந்து ஸ்ரீதருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

"சரி, ஒண்ணு பண்ணு. யூசர் எடிட் பண்ணதால வந்த பிரச்சினைன்னு சொல்லிடு. அது பொய் இல்லையே."

"திருத்துன்னு எழுதி வச்சது நாம. அவரு திருத்துனாரு."

"நான் பொய் சொல்லச் சொல்லல எழில். கொஞ்சமா சொல்லுன்னு சொல்றேன்."

அவள் போனை வைத்தாள். வாசலில் ஒரு வேப்பமரமும், வண்டி நிறுத்த நூறு வண்டிக்கு இடமும், ஒரு சைக்கிளும் இருந்தன. சைக்கிள் கொளஞ்சியப்பனுடையது. உள்ளே போய் அந்த ஒரு சொல்லைச் சேர்த்து நிரலைச் சரி செய்தாள். ஆடி பத்தின் சாவியை அழித்துப் புதிதாகப் பிடித்து, கொளஞ்சியப்பனைத் திருத்தச் சொன்னாள். அவர் செல்வி என்று சேர்த்தார். டிடிஎல் கேட்டாள். 1,72,731. இருவரும் இரண்டு நிமிடம் அதையே பார்த்தார்கள்.

"கொறையுதும்மா," என்றார் அவர்.

இனி புதிதாக எதுவும் கெடாது. ஏற்கெனவே நிற்கிற இருபத்தேழை என்ன செய்வது? சித்திரை ஆறையும் அழித்தாள். அந்த நாட்கள் யாருக்கும் இனித் தேவைப்படாது. மீதி இருபத்தொன்று. ஒரே கட்டளையில் அவற்றையும் அழித்துவிடலாம். விரல் விசைப்பலகை மேல் இருந்தது.

"இவுங்களக் கூப்ட்டுக் கேட்டீங்களா சார்?"

"நம்பர் எங்களுக்குக் காட்டாதேம்மா. பணம் கட்டுன பெறவுதான் காட்டும்."

அதுவும் உண்மைதான். மண்டபக்காரர்கள் போன் போட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அப்படி வைத்ததும் நாள்பிடிதான். சாவிக்குள் நம்பர் இருந்தது. எழிலரசி ஒவ்வொன்றாகப் படித்தாள். கொளஞ்சியப்பன் மண்டபத்துப் போனிலிருந்து கூப்பிட்டார். ஒவ்வொருவரிடமும் முதலில் பெயரைச் சொல்லி, அது சரியா என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

முதல் ஆள் கல்யாணம் வேறு மண்டபத்தில் முடிந்து கொடைக்கானலில் இருந்தான். இரண்டாமவர் சும்மா தொட்டுப் பார்த்ததாகச் சொன்னார். மூன்றாவது, ஒரு பெண். ஜாதகம் பொருந்தவில்லை என்று வேறு இடம் பார்க்கிறார்களாம், மாப்பிள்ளை கிடைத்ததும் கூப்பிடுகிறாளாம், அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும் என்றாள். அப்படி வைக்க முடியாது என்று கொளஞ்சியப்பன் வருத்தத்துடன் சொன்னார். இவ்வளவு நாள் வைத்திருந்தது எப்படி என்று அவள் கேட்டாள். அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு எழிலரசியிடம் திரும்பினார். எழிலரசி அடுத்த நம்பரைப் படித்தாள்.

ஒன்பதாவதாகப் பேசியவன் பெயர் செம்பியன். ஆவணி மாதத்து நாள்.

"அது நின்னுபோச்சிங்க," என்றான்.

"நாளத்தான் கேக்குறேன் தம்பி. நாளு அப்படியே நிக்குது."

"கல்யாணம் நின்னுபோச்சின்னு சொன்னேன்."

கொளஞ்சியப்பன் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, "அப்ப நாள விட்டுடட்டுங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் எம் பேருலயா இருக்கு?"

"ஆமாம்."

"விட்டுடுங்க சார்," என்றான். வைக்கும் முன்பு நன்றியும் சொன்னான். எழிலரசி அந்தச் சாவியை அழித்தாள். -2 என்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டாள். எதற்குப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பதினாலாவது சாவி ஜூன் எட்டாம் தேதிக்கு உரியது. பிடித்தவர் தைலம்மாள், சேத்தியாத்தோப்பு.

"யாரு, மண்டபத்துலேருந்தா?" சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "நானே கூப்புடணும்னு இருந்தேன். சமையல்காரரு அடுப்பு எத்தினின்னு கேக்குறாரு."

கொளஞ்சியப்பன் எழிலரசியைப் பார்த்தார். "அம்மா, நீங்க நாளப் பிடிச்சதோட சரி. உறுதி பண்ணவே இல்லையே."

"என்னா உறுதி? உங்க நாள் பிடிச்சி வைக்கப்பட்டதுன்னு போன்ல வந்துச்சே. நன்றின்னு போட்டிருந்துச்சே. மிச்சத்த மண்டபத்துல வந்து கட்டிக்கலாம்னும் போட்டிருந்துச்சி. பத்திரிக்க அடிச்சி பாதி ஊருக்குக் குடுத்தாச்சி. எம்பொண்ணு கயல்விழிக்கு லீவு எழுதிக் குடுத்தாச்சி. ஏன், என்னா விஷயம்?"

செய்தியின் அடியில் நாற்பத்தெட்டு மணி நேரம் என்ற வரி உண்டு. அது எவ்வளவு சின்ன எழுத்தில் இருக்கிறது என்று எழிலரசிக்கு இப்போது ஞாபகம் வந்தது. நிரல் ஒழுங்காக இருந்திருந்தால் இந்த நாள் பங்குனியிலேயே விடுபட்டு வேறு யாருக்காவது போயிருக்கும். தைலம்மாள் ஜூன் ஏழாம் தேதி சாயங்காலம் அரிசி மூட்டையோடும் பெண்ணோடும் வந்து, இன்னொரு வீட்டு வாழைமரம் கட்டிய வாசலில் நின்றிருப்பாள். காலையில் ஸ்ரீதர் சொன்னபடி அழித்திருந்தால் இன்றைக்கு மதியமே அது நடக்க ஆரம்பித்திருக்கும். இதில் எதற்காகச் சந்தோஷப்படுவது, எதற்காகப் பயப்படுவது என்று புரியாமல் அவள் கொளஞ்சியப்பனிடம் தலையை ஆட்டினாள்.

"ஒண்ணும் விஷயமில்லம்மா," என்றார் அவர். "நாளு உங்களுதுதான். நாளைக்கி ஒரு எட்டு வந்து எழுதிட்டுப் போயிடுங்க. அடுப்பு ஆறு இருக்குது."

மூன்று மணிக்குச் சாமிக்கண்ணு வந்தபோது பட்டியல் முடிந்திருந்தது. இருபத்தொன்றில் பதினாறு பேர் வேண்டாம் என்றார்கள். அவை அப்போதே பச்சையாயின. தைலம்மாளுடையது உறுதி. நாலு பேர் போனை எடுக்கவில்லை. அந்த நாலு சாவிகளுக்கும் எழிலரசி புதிதாக நாற்பத்தெட்டு மணி நேரம் குறித்து, செய்தியும் அனுப்பினாள், இந்தத் தடவை பெரிய எழுத்தில்.

சாமிக்கண்ணு உரக்கடை வைத்து, அதில் வந்ததில் மண்டபம் கட்டியவர். உட்காராமல் திரையைப் பார்த்தார். ஐந்தாறு நாட்களைத் தவிர எல்லாம் பச்சையாக இருந்தது.

"அழிச்சிட்டீங்களா? நல்லது. இவருதான பண்ணாரு?"

"இல்லைங்க. இவரு பேர மட்டும்தான் திருத்துனாரு. திருத்துனா நாளு விடுபடாம நின்னுடுற மாதிரி நிரல் எழுதியிருந்துச்சி. எழுதுனது நான்."

"நீயா?"

"ஆமாங்க. ஒரு சொல்லு விட்டுப்போச்சி."

"ஒரு சொல்லா?"

"ஒரு சொல்லுதாங்க."

அவர் அப்போதுதான் உட்கார்ந்தார். "அப்ப புவனகிரிக்கு யாரையும் அனுப்பல?"

"இருவத்தொரு பேருல பதினேழு பேருகிட்ட பேசியாச்சி. ஒருத்தரும் புவனகிரி பேர எடுக்கல. எல்லாரும் நெசமான ஆளுங்கதான்."

"எனக்கு ஆறு முகூர்த்தம் போயிருக்குதே."

"போயிருக்குங்க. அது திரும்ப வராது. எங்க ஸ்ரீதர் சார் நாளைக்கி நேர்ல வந்து பேசுவாரு." ஸ்ரீதருக்கு அந்தச் செய்தி இன்னும் தெரியாது.

சாமிக்கண்ணு கொளஞ்சியப்பனைப் பார்க்காமல் சொன்னார்.

"ரெண்டாந்தேதி கரண்டு பில்லு கட்டணும். மறந்துடாதீங்க."

"நான் முப்பத்தொண்ணாந்தேதியோட நிக்கிறேனுங்க."

"யாரு சொன்னா?"

"நீங்கதாங்க."

"அது அப்ப."

"எழுதிக் குடுத்திருந்தீங்க," என்றார் கொளஞ்சியப்பன். குரல் உயரவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து விரித்து, மேசைமேல் வைத்து, பக்கத்தில் ஒரு பேனாவையும் வைத்தார். "இதயும் எழுதிக் குடுத்துடுங்க. வீட்ல படிச்சிக் காட்டணும். எம் மருமவன் முன்னாடிதான் அதயும் படிச்சிக் காட்டுனேன்."

சாமிக்கண்ணுவுக்குக் கோபம் வந்ததுபோல் முகம் சிவந்தது. பிறகு அது வேறு ஏதோவாக மாறியது. பேனாவை எடுத்து நாலு வரி எழுதினார். தந்தபிறகு, தேதி போடவில்லை என்று கொளஞ்சியப்பன் திருப்பிக் கொடுத்தார். போட்டார்.

எழிலரசியும் ஒரு கடிதம் எழுதினாள், தவறு தன்னுடையது என்று. யாரும் கேட்கவில்லை. யாராவது கேட்கும்வரை காத்திருந்தால் அதை எழுதாமலே விட்டுவிடுவோம் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் ஸ்ரீதர் இரண்டு மணி நேரம் எழிலரசியோடு பேசவில்லை. அதன்பிறகு காரை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனான். சாயங்காலம் திரும்பி வந்தவன், பத்தொன்பது மண்டபத்துக்கும் அவள் கடிதத்தை அப்படியே அனுப்பச் சொன்னான். அனுப்பியதில் ஒரு மண்டபம் கணக்கை முடித்துக்கொண்டது. இரண்டு மண்டபங்கள், 'திருத்து' என்று ஒரு பொத்தான் இருப்பதே இப்போதுதான் தெரிகிறது என்று நன்றி சொல்லி எழுதின. எல்லா மண்டபத்துச் சாவிகளிலும் ஆயுள் இல்லாதவை எத்தனை என்று தினமும் காலை ஒன்பது மணிக்கு எண்ணிச் சொல்லும் நிரல் ஒன்றை எழிலரசி எழுதினாள். முதல் நாள் காலை சைபர் என்று வந்தது. நம்பாமல், அவளே ஒரு முறை கையால் எண்ணினாள்.

ஜூன் எட்டாம் தேதி தைலம்மாள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவள் போனாள். பத்திரிகை தபாலில் வந்திருந்தது. மண்டபத்தில் நிற்க இடமில்லை. ஆறு அடுப்பும் எரிந்தன. கொளஞ்சியப்பன் தண்ணீர் லாரிக்காரரோடு வாசலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார், அவளைக் கவனிக்கவில்லை. இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மொய் எழுதுகிறவர் யார் வீட்டுப் பக்கம் என்று கேட்டார். கடலூர் என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டரைப் பேருந்தைப் பிடிக்க வெளியே வந்தாள்.